அஞ்சரை வண்டிக்குப் போக வேண்டிய பதில்

“மேல இடப்பக்கம் ‘கருவிகள்’னு இருக்கும், அதைத் தொடு தம்பி” என்று செல்வின் அண்ணன் மறுபடியும் சொன்னார். மேலே இடப்பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. எனக்குப் பின்னால் எம்ப்ராய்டரி மிஷின் எல்லா ஊசிகளையும் தூக்கிப் பிடித்தபடி நின்றது, அதன் அடியில் குழந்தைகள் கவுன் துணியில் யானைகள் வரிசையாக நின்றன, காது இருந்தது, வால் இருந்தது, நான்கு காலும் இருந்தன, துதிக்கை மட்டும் ஒரு யானைக்கும் இல்லை, துதிக்கை இல்லாத யானை பன்றியாகவும் ஆகாது, எதுவாகவும் ஆகாது, சும்மா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். யூனிட் ஓனர் சாந்தாமணி அக்கா வாசலில் நின்று போனில் யாரிடமோ இன்றைக்குச் சரக்கு ஏறிவிடும், கண்டிப்பாக ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செல்வின் அண்ணன் மடியில் ஒரு புது ஹெல்மெட் வைத்திருந்தார், ரோஸ் கலர், விலைச் சீட்டுகூடக் கிழிக்காதது, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சுவரில் கடிகாரத்தைத் தேடினார்.

“வெரசாப் பாரு தம்பி. அஞ்சரைக்கு ட்ரெயின் வருது. அவ இறங்குறப்ப நான் பிளாட்பாரத்துல நிக்கணும்.”

அந்த ட்ரெயின் வந்து போய்ப் பத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீதியில் அது ஒரு வழக்கம்.

நான் யுகேந்திரன். யுகி என்று கூப்பிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன்; ஏன் என்று கேட்டால் அப்பாவுக்கு முதுகு வலி, வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அம்மா சொல்லும், அப்பாவின் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்த பெஞ்சில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். திருப்பூரிலிருந்து வரும் டவுன் பஸ் கடைசியாக நின்று திரும்புகிற புதுக்கரட்டூரில், மூன்றாவது வீதியில், பஞ்சிங் வேலை பார்க்கிறேன். பஞ்சிங் என்றால் ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஊசி எங்கே இறங்கணும் எங்கே எழணும் என்று புள்ளி புள்ளியாக மிஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது. மிஷினுக்கு மூளை கிடையாது. சொன்னதைத் தைக்கும்.

இந்த பஞ்சிங் சாஃப்ட்வேர் முன்பெல்லாம் சிடியில் வருமாம், ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். நான் வந்த காலத்தில் அது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை தானாகவே மாறும், காலையில் வந்து திறந்தால் நேற்று இருந்த பட்டன் வீடு காலி செய்துகொண்டு போயிருக்கும், எங்கே குடிபோனது என்று யாரிடமும் சொல்லியிருக்காது. அப்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்வேன். பஞ்சிங்காரர்களுக்கென்று தமிழில் ஒரு கேள்வி பதில் தளம் இருக்கிறது, ஊசிமன்றம் என்று பேர், அதில் போய்த் தேடுவேன். எந்தக் கேள்விக்கும் முதலில் நிற்பது பழைய பதில்தான், ஏனென்றால் அதற்குத்தான் பச்சை டிக் அதிகம், பச்சை டிக் அதிகம் என்பதால் அதுதான் முதலில் நிற்கும், முதலில் நிற்பதால் அதற்கே இன்னும் டிக் விழும். அந்த பட்டனே செத்துப்போயிருக்கும். பதில் மட்டும் சாகாது.

அந்தப் பழைய பதிலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னது சொன்னபடி செய்து பார்த்து, அது பலிக்காமல் போனால், அதை எழுதியவர் வந்துவிடுவார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்துக்கொண்டு வருவார், இல்லாவிட்டால் நாம் திரும்பிப் பார்க்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார், எழுதிய அன்றைக்கு என்ன வயதோ அந்த வயதில், என்ன சட்டையோ அந்தச் சட்டையில், கையில் என்ன வைத்திருந்தாரோ அதோடு, நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை வாயால் சொல்வார். கூப்பிட்டவன் பச்சை டிக் போடும்வரை போகமாட்டார்.

முதலில் வந்தது கீழக்கரை சபுரா டீச்சர். மயில்சாமி தன் யூனிட்டில் எழுத்துத் தைக்கும்போது புள்ளி எல்லாம் விழுந்து போகிறது என்று ஏதோ ஒரு பழைய பதிலைப் பிடித்துக்கொண்டு செய்து பார்த்திருக்கிறார், நிமிர்ந்தால் பக்கத்தில் ஒரு அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மயில்சாமி கேட்ட முதல் கேள்வி, டீ சாப்பிடறீங்களாம்மா என்பதுதான். டீச்சர் மேற்குத் திசை எது என்று கேட்டார், மயில்சாமியின் மனைவி குழம்புக் கரண்டியாலேயே காட்டினார், டீச்சர் தொழுதுவிட்டு வந்து, இல்லாத ஒரு மெனுவைத் திறக்கச் சொல்லி அன்பாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாள் வீதியில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை, அதற்குள் அவரவர் யூனிட்டில் அவரவருக்கு ஒருவர் வந்திருந்தார்.

கலாமணி மெஸ்ஸில் அரிசி கூடப் போட்டார்கள். போலீஸ் ஒரு தடவை வந்தது, எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், யாரும் காணாமல் போனதாகவும் புகார் இல்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டது. சலூன்காரர் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு வந்தவர்கள் யாருக்கும் முடியே வளரவில்லை என்று தெரிந்ததும் திட்டினார். அவர்களுடைய போனுக்குச் சார்ஜர் கிடைக்கவில்லை. மாரியம்மன் பொங்கலுக்கு அவர்களையும் சேர்த்துத் தலைக்கட்டு வரி போடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி, இங்கே இருக்கிறவர்கள்தான், ஆனால் இப்போது இருக்கிறவர்கள் இல்லை என்று முடிவாகி, வரி வேண்டாம், கூழ் மட்டும் ஊற்றலாம் என்று விட்டார்கள். அவர்கள் முன்னால் வெங்காய விலை பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, வருஷக் காலண்டரைத் திருப்பி மாட்ட வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமல் தானாக வந்த பழக்கம்.

பதில் தெரியாதவர்களும் வந்தார்கள். திருச்சியிலிருந்து ஒரு காலேஜ் பையன், அவன் எழுதியிருந்ததே ‘எனக்கும் இதே பிரச்சினை, விடை கிடைத்ததா?’ என்ற ஒற்றை வரிதான், வந்து அதை ஒரு தடவை சொல்லிவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்துவிட்டான், அவனுக்கு ‘எனக்கும்’ என்றே பேர் வைத்துவிட்டோம். ஈரோட்டிலிருந்து இன்னொருவர் வந்தார், ‘சரியாகிவிட்டது, அனைவருக்கும் நன்றி’ என்று எழுதியவர். எப்படிச் சரியானது என்று கேட்டால் சரியாகிவிட்டது என்றார். எந்த பட்டனைத் தொட்டீங்க என்று கேட்டால் அனைவருக்கும் நன்றி என்றார். அவரை மட்டும் மயில்சாமி அடிக்கப் போய்விட்டார், நாலு பேர் பிடித்து இழுத்தோம்.

சபுரா டீச்சரின் பதிலுக்குக் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. உங்க ஆளு இங்க பத்திரமா இருக்காங்க, நல்லாச் சாப்பிடறாங்க என்று மரியாதைக்குச் சொல்லிவிடலாமே என்று மயில்சாமியின் மனைவி அதற்குக் கூப்பிட்டார். எடுத்தது இப்போதைய டீச்சர், வயதான குரல். அப்படியா என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, அந்த நாள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லைம்மா, முதலில் ஒரு மத்தியானம்தான் இல்லாமல் இருந்தது, இப்போது அந்த வாரமே வெள்ளையாக இருக்கிறது, யாராவது அடிக்கடி கூப்பிடுகிறார்களோ என்னவோ என்றாராம்.

இதைக் கேட்ட பிறகு வீதி என்ன செய்திருக்கணும்? பழைய பதிலைத் தொடாமல் இருந்திருக்கணும். வீதி செய்தது வேறு. நாம் யாரும் ஊசிமன்றத்தில் இனிமேல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று முடிவு செய்தது. கண்டுபிடித்தால் உனக்குள் வைத்துக்கொள், எழுதினால் என்றைக்காவது ஒருநாள் எவனாவது உன்னை இறக்கிவிடுவான். மற்ற ஊர்க்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்கணும், அந்தத் தளத்தில் புதுப் பதில் விழுவதே நின்றுபோனது.

அதற்கப்புறம்தான் வடக்கே திருவிழா வந்து பீகார்ப் பையன்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் ரயில் ஏறிப் போனார்கள். ஏற்றுமதிச் சரக்கு மலைபோல் நின்றது, பிசிறு வெட்ட ஆள் இல்லை. பிசிறு என்றால் தைத்து இறங்கிய துணியில் அங்கங்கே தொங்குகிற நூல், அதைக் கத்திரிக்காமல் எந்தக் கம்பெனியும் வாங்காது. மயில்சாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லாமலே, பழைய பதில் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி வரிவரை செய்தார். மத்தியானத்துக்குள் அவர் யூனிட் நிறைய ஆள். ஆளுக்கு ஒரு கத்திரி கொடுத்தார். வந்தவர்கள் பிறத்தியாருக்கு உதவுவதற்காகவே எழுதியவர்கள், மறுத்துப் பேசத் தெரியாதவர்கள், பதிலைச் சொல்லிக்கொண்டே வெட்டினார்கள். இதற்கு ஆள் இறக்குவது என்று பேராகிவிட்டது. எத்தனை ஆள் இறக்கினீங்க, எங்களுக்கு ரெண்டு ஆள் பத்தல, நீங்க ஒரு நாளைக்குக் கொடுங்க என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டார்கள். லாரி போனதும் எல்லோருக்கும் பச்சை டிக் போட்டு அனுப்புவார்கள். அடுத்த லாரிக்கு மறுபடி இறக்குவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

செல்வின் அண்ணனை அப்படி எத்தனையோ பேர் இறக்கிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் டிசைன் கடை, ‘சின்னத் தையல்கள் காணாமல் போகின்றன’ என்ற கேள்விக்குப் பதில் எழுதியவர், ஊசிமன்றத்திலேயே அதிகம் டிக் வாங்கிய பதில் அது. ஒவ்வொரு தடவையும் அதே தேய்த்த க்ரீம் கலர் சட்டை, அதே ஹெல்மெட், அதே அவசரம். அவர் மட்டும் பிசிறு வெட்ட உட்காரமாட்டார். கத்திரியைக் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, எட்டு மாதமாகக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்த மனைவி ஜெபசெல்வி இன்றைக்கு நாகர்கோவிலிலிருந்து வருகிறாள், பைக்கில் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறேன் என்றுதான் சண்டையே, அவளுக்கென்று தனி ஹெல்மெட் வாங்கியாயிற்று, இறங்கும்போது நீங்க அங்கே நிற்காவிட்டால் அதே வண்டியில் திரும்பிப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் செய்வாள் என்று எல்லோரிடமும் சொல்வார். எல்லோரும் ஆமாமா, போயிரலாம் போயிரலாம் என்பார்கள். சாயங்காலம் ஆகிவிடும்.

அன்றைக்கு அவரை இறக்கியது நான். ஆளுக்காக இல்லை, நிஜமாகவே எனக்குத் துதிக்கை வேண்டியிருந்தது. வழி வேறெங்கும் இல்லை, அவர் பதில்தான் முதலில் நின்றது, கடைசி வரி பலிக்காது என்று தெரிந்தும் செய்தேன். வந்துவிட்டார். ‘கருவிகள்’ என்றார். எனக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலில்தான் கண்டுபிடித்தேன். இருக்கிற ஒவ்வொன்றையும் தொட்டு, திறந்து, மூடி, நாலு துணியை நாசம் பண்ணி, கடைசியில் யானைப் படத்தின் மேலேயே மவுசை வைத்து விடாமல் அமுக்கிப் பிடித்தபோது ஒரு சின்னப் பெட்டி திறந்தது, அதில் ஒரு ஓரத்தில் கிடந்தது, குட்டையான தையல்களைத் தானாக நீக்கிவிடவா என்று, துதிக்கை முழுக்கக் குட்டைத் தையல்தான். ஆமாம் என்று அதுவே போட்டு வைத்திருந்தது. வேண்டாம் என்று மாற்றினேன். மிஷினை ஓட்டினேன். முதல் யானைக்குத் துதிக்கை வந்தது, வரிசையாக எல்லா யானைக்கும் வந்தது, சாந்தாமணி அக்கா போனை வைத்துவிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்து, அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வின் அண்ணன் எழுந்து நின்றார். “பாத்தியா, நாந்தான் சொன்னேம்லா. சரி, ஒரு டிக்க போட்டுவிடு தம்பி, நான் கெளம்புதேன்.”

“நீங்க சொன்னது வேலை செய்யலைங்ணா” என்றேன்.

மூன்றாவது வீதியில் அப்படி யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அறையில் கத்திரிச் சத்தம் நின்றது. அக்கா யூனிட்டில் அன்றைக்கு ஆறேழு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள், ‘எனக்கும்’ கூட இருந்தான், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வின் அண்ணன் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்து மேலே இடப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தார். அந்த வெள்ளையில் விரலைக் கொஞ்சம் தேய்த்தார்.

“மாத்திட்டானுவளா?”

“ஆமாங்ணா.”

“எப்ப?”

அவர் என் சட்டையைப் பார்த்தார், மேஜையில் கிடந்த என் போனைப் பார்த்தார், அது அவர் காலத்துப் போன் மாதிரி இல்லை என்று அப்போதுதான் கவனித்தார் போல, சுவரில் திருப்பி மாட்டிய காலண்டரைப் பார்த்தார். அதை யாரும் திருப்பவில்லை. அவரும் திருப்பவில்லை. உட்கார்ந்தார்.

“ட்ரெயினு” என்றார்.

சாந்தாமணி அக்கா எழுந்து என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கெட்டவர் இல்லை, சரக்குக் கவலையைத் தவிர வேறு கவலைப்பட நேரம் இல்லாதவர், அவ்வளவுதான். ஏன்டா யுகி, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா, மனுசனைக் கலங்கடிச்சுட்ட, போய்ப் பச்சையைப் போட்டு அனுப்பீடு, அடுத்த மாசம் அவரே மறந்துட்டு நல்லா வருவாரு என்றார். அவர் அடுத்த மாதம் வருவார் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். தப்பான பதிலுக்குச் சரி என்று போடுவதற்கு எனக்குக் கை வராது.

ஊசிமன்றத்தில் இன்னொரு குறி இருக்கிறது, காலாவதி என்று. அது விழுந்த பதில் பின்னால் போய்விடும், யார் கண்ணிலும் படாது. ஆனால் சும்மா போட முடியாது, சரியான வழி எது என்று நம் பேரும் நம்பரும் போட்டு எழுதினால்தான் அது விழும். யாரும் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் அந்த ஆள் பல்ப் மாதிரி அணைந்துபோவார் என்று மயில்சாமி சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியும்டா என்பார்.

ஜெனரேட்டர் பக்கம் போய் செல்வின் அண்ணனின் பதிலுக்குக் கீழே இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தார். அதே குரல்தான், ஆனால் தடித்துப்போய், நடுவில் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கியது. நான் யார், எங்கிருந்து, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அப்பப்ப ஒரு கொட்டாவி மாதிரி வரும், அப்ப எங்கயோ எவனோ கூப்பிடுதான்னு நினைச்சுக்கிடுவேன் என்றார்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனீங்களாண்ணா என்று கேட்டேன்.

தெரியாது என்றார். அந்தச் சாயங்காலம் தன்னிடம் இல்லை என்றார். இவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கடையில் உட்கார்ந்திருந்ததாகவும், தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அசையாததால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனதாகவும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். அவள் இறங்கி, நின்று பார்த்து, அதே வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பிறகு எத்தனை ஆள் விட்டுப் பேசியும் வரவில்லை. வேலை இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, ஏன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்று அவருக்கே தெரியாதபோது என்ன சொல்வார். டிசைன் கடை போய்விட்டது, இப்போது பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்கிறார். காலாவதி போடட்டுமா என்று கேட்டேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“வேண்டாம்டே. கடை போச்சு, அவ போயிட்டா. அந்தப் பதிலு ஒண்ணுதான் எம் பேர்ல நிக்கி. நாலாயிரம் பேரு நன்றி சொல்லிருக்கான். நீ பச்சையே போட்டுரு.”

கட் பண்ணிவிட்டார்.

உள்ளே வந்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து மயில்சாமி வந்திருந்தார், இன்னும் இரண்டு மூன்று யூனிட்காரர்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அணைஞ்சு போயிருவாருடா, ஒரு உசுரு உன் கையில என்றார் மயில்சாமி. உன் பேரைப் போட்டு நீயே குழி வெட்டிக்காதடா என்றார் இன்னொருவர். அக்கா துதிக்கை வந்த கவுன்களை மடித்தபடியே, பச்சையைப் போடு கண்ணு என்றார். எல்லோரும் சொன்னார்கள். செல்வின் அண்ணன்கூடச் சொன்னார், என்னைப் பார்க்காமல் ஹெல்மெட்டின் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, பச்சையே போட்டுரு தம்பி, எதுக்கு வம்பு, எப்படியாச்சும் போயிருவேன் என்றார்.

மணி நாலரை. நான் எழுதினேன். யானையின் மேல் மவுசை அமுக்கிப் பிடிக்கணும், பெட்டி திறக்கும், வேண்டாம் என்று மாற்றணும். மூன்றே வரி. நாலாவது வரியாக, இது இந்த மாதத்துக்கு மட்டும்தான், அடுத்த மாதம் இதை நம்பாதே என்று சேர்த்தேன். பேர் போட்டேன். நம்பர் போட்டேன். அமுக்கினேன்.

வெளிச்சம் எதுவும் வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, இப்போது காலியானது போல இல்லை, காலையிலிருந்தே அதில் யாரும் உட்காராதது போல இருந்தது, ஹெல்மெட்டும் இல்லை, சுரண்டிய காகிதத்தின் ஒரு துணுக்குகூட இல்லை. யாரும் கத்தவில்லை. மயில்சாமி சொன்னேன் பாத்தீங்களா என்பது போல எல்லோரையும் பார்த்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி மேல் பலகையிலிருந்து நூல்கண்டு எடுத்தார். கத்திரிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ‘எனக்கும்’ மட்டும் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரிந்த ஒரே வரியை, முதல் தடவையாகச் சிரிக்காமல் சொன்னான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

அப்போது என் போன் அடித்தது. பாளையங்கோட்டை நம்பர். எடுத்ததும் திட்டினார், எம் பதிலு எங்க போச்சு, எவம்டே உன்னைப் போடச் சொன்னான், தேடுதேன் காணலயே என்று மூச்சு விடாமல் திட்டினார். திட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். ரோட்டுச் சத்தம் கேட்டது. பிறகு வேறு யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார், பிளாட்பாரத்துக் குழாயில மூஞ்சி கழுவுனேன், குழாய் பீச்சி அடிச்சு சட்டையெல்லாம் நனைஞ்சிட்டு, ஒரு போர்ட்டர் சிரிச்சான் என்றார். அந்தக் குழாய் மூணாவது பிளாட்பாரத்துல இருக்கு, கடையில உக்காந்திருந்தேம்னுல்லா சொன்னானுவ, நான் போயிருக்கேன் என்றார். அப்புறம் என்று கேட்டேன். அவ்வளவுதான் இப்பம் வந்திருக்கு, வண்டி இன்னும் வரல என்றார்.

பிறகு குரல் மாறி அவசரப்பட்டார். நீ எத்தனை வயசுப் பையன் என்று கேட்டார், சொன்னேன். பேரும் நம்பரும் போட்டுத்தான் எழுதினியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

“தம்பி, நான் சொல்லுததைக் கேளு. எழுதுனவனே கொஞ்ச நேரம் வரைக்கும் அழிக்கலாம். பதிலுக்குக் கீழ ஒரு செவப்புக் கோடு ஓடுது பாரு, அது தீந்தா பெறவு ஒண்ணும் செய்ய முடியாது. நீ சின்னப் பையன், உனக்கு எத்தனை சாயங்காலம் கெடக்கு. எனக்கு இந்தக் குழாய் வந்துட்டு, போதும், இது திரும்பப் போனாலும் பரவால்ல. அழிச்சிரு. இப்பமே அழிச்சிரு.”

ஸ்கிரீனில் சிவப்புக் கோடு இருந்தது. வலப்பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் அழி என்று எழுதியிருந்தது, அந்த பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. போனில் அவர் அழிச்சிட்டியா, அழிச்சிட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மவுசிலிருந்து கையை எடுத்துத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு, கோடு தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழிக்கவில்லை.